புனேயில் வீட்டுக்காரர், வடவள்ளியில் வீடு: ஒரு வாடகை வீட்டின் நிகழ்வு ஆய்வு

கோவை வடவள்ளியில், மருதமலைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நாலேகால் சென்ட் மனையில் கீழும் மேலுமாக இரண்டு குடித்தனங்கள் உள்ள வீடு இது. பெரியப்பா ஓய்வூதியப் பணத்தில் கீழ்த்தளத்தைக் கட்டினார். சில ஆண்டுகள் கழித்து, வாடகைக்கென்றே மாடியை எழுப்பினார். அவருடைய மகன், என் அண்ணன், புனேயில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். பெரியப்பா காலமானபின் பெரியம்மாவையும் அண்ணன் தம்மோடு அழைத்துக்கொண்டார். வீடு முழுவதும் வாடகைக்குப் போனது. அதன்பின் அங்கே நடந்தவற்றையும், இப்போது அந்த வீட்டை நாங்கள் நிர்வகிக்கும் முறையையும் அண்ணனின் சம்மதத்தோடு எழுதுகிறேன். குடியிருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெங்களூரு, ஐதராபாத், மும்பை, டெல்லி என்று பிழைக்கப் போனவர்களில் பலருக்கு ஊரில் இப்படி ஒரு வீடு இருக்கிறது. விற்க மனமில்லை, பூட்டி வைத்தால் கரையான் அரிக்கும், வாடகைக்கு விடுகிறார்கள். விடும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நல்ல குடித்தனக்காரர் கிடைப்பாரா என்பதுதான். இந்த வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர்களே கிடைத்தார்கள். அப்படியும் வீடு கெட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எவருக்கும் முடிவெடுக்கும் அதிகாரமோ, கையில் செலவுப் பணமோ இல்லாததே அதற்குக் காரணம் என்பது என் முடிவு. நடந்தவற்றைப் பார்த்தால் வாசகருக்கும் அது விளங்கும்.

பரணுக்கு மேலே ஈரம்

வாடகை மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் அண்ணனின் கணக்குக்குப் போய்விடும். இரண்டு குடித்தனங்களுமே இதில் தவறியதில்லை. எனவே வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று புனேயில் இருந்த அண்ணன் நம்பினார். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். திருப்பூரில் இருக்கும் அண்ணனின் மைத்துனர் ஒருவர். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இன்னொருவர். ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் மூன்றாமவர். மூவரும் உதவும் மனம் உள்ளவர்கள். ஆனால் எந்த வேலை யாருடையது என்று எவரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

கீழ் வீட்டுச் சமையலறையில், பரணுக்கு மேலே கூரையில் ஈரம் படர்வதை அங்கே குடியிருக்கும் அம்மாதான் முதலில் கவனித்தார். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் அதை மைத்துனருக்கு அனுப்பினார். மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவரை அனுப்பினார். மாடிக் குளியலறைத் தரை முழுவதையும் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, புதிதாக டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று அவர் ஒரு பெரிய தொகையைச் சொன்னார். அதைக் கேட்டு மலைத்த அண்ணன், ஆசிரியரிடம் யோசனை கேட்டார். டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் பூசினாலே போதும் என்றார் அவர். பூசினார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஈரம் முன்பைவிட அகலமாக இறங்கியது. தம் பேச்சைக் கேட்கவில்லையே என்று மைத்துனருக்கு வருத்தம். நல்லது சொல்லப்போய்ப் பொல்லாப்பாயிற்றே என்று ஆசிரியருக்கு வருத்தம். இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். கீழ் வீட்டம்மா படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

மார்கழிக் கடைசியில், கூரைப் பூச்சு ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. அப்போது அடுப்படியில் யாரும் இல்லாதது தெய்வச் செயல். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருப்பது வெளியே தெரிந்தது. அன்று இரவுதான் அண்ணன் என்னை அழைத்தார். "அம்மிணி, நீ ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். எனக்கு யாரை நம்புவது என்றே தெரியவில்லை" என்றார். பொங்கல் முடிந்ததும் போனேன்.

கீழ் வீட்டம்மா என்னைக் கூரையைப் பார்க்கவிடுவதற்கு முன்பே, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரை எடுத்து வந்து காட்டினார். சொட்டிய நாட்களில் கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு சிறு கோடு, பக்கத்தில் நேரம். பெரும்பாலும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், அல்லது இரவு எட்டுக்கு மேல். பொங்கல் நாட்களில் மட்டும் கோடு இல்லை. மாடியில் குடியிருக்கும் இளைஞர்கள் அப்போது ஊருக்குப் போயிருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் எந்த நேரமும் தண்ணீர் நிற்கும். கசிவு அந்தக் குழாயில் என்றால் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொட்டும். ஆட்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் சொட்டுகிறது என்றால், கோளாறு குளியலறைத் தரையிலோ தரையிலிருந்து இறங்கும் கழிவுக் குழாயிலோ இருக்க வேண்டும். இரண்டில் எது என்று அறிய ஒரு சோதனை செய்தோம். தண்ணீர் இறங்கும் துளையைத் துணியாலும் பிளாஸ்டிக் பையாலும் இறுக அடைத்துவிட்டு, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, ஒரு பகலும் இரவும் விட்டோம். மாடிப் பையன்கள் அன்று நண்பன் வீட்டில் குளித்துக்கொண்டார்கள். கீழே புதிதாக ஈரம் இறங்கவில்லை. மறுநாள் அடைப்பை எடுத்துத் தண்ணீரை விட்டதும், சற்று நேரத்தில் பரண் மேல் சொட்டத் தொடங்கியது. தரையில் குறையில்லை, துளைக்குக் கீழே கழிவுக் குழாய் சேரும் மூட்டு விட்டிருந்தது.

துளையைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மட்டும் உடைத்து, மூட்டை மாற்றி, அடைத்துப் பூசினார்கள். ஒன்றரை நாள் வேலை. பிளம்பர் முதலில் கேட்ட தொகையில் இது சிறு பகுதிதான். ஆனால் கீழே கூரையில் தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, மறுபடி பூச்சு வேலை செய்து முடிக்கையில் கழிவுக் குழாய்க்கு ஆனதைப்போல் பல மடங்கு செலவாகியிருந்தது. அந்தச் செலவு முழுவதும் தாமதத்தின் விலை.

அண்ணனுக்கு வந்த படங்கள் எல்லாவற்றையும் பிறகு நான் பார்த்தேன். ஈரம் எங்கே இருக்கிறது என்று அவை தெளிவாகக் காட்டின. எப்போது சொட்டுகிறது என்று ஒரு படத்திலும் இல்லை. அது அந்தக் காலண்டரில் இருந்தது. கூரைக்கு அடியிலேயே வாழ்கிற பெண்மணியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வந்த மூன்று ஆண்களும் அண்ணாந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு தீர்வைச் சொன்னார்கள், போய்விட்டார்கள். எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு.

முன்பணத்திலிருந்து ஃபியூஸ் வரை

ஒழுகலுக்கு முந்தைய ஆண்டே வேறொன்று நடந்திருந்தது. மாடியில் அப்போது ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் சொந்த வீடு கட்டிக்கொண்டு, முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலி செய்தார்கள். அவர்கள் கொடுத்திருந்த முன்பணத்தை அண்ணன் புனேயில் வேறொரு செலவுக்குப் பயன்படுத்தியிருந்தார். புதிதாக வருபவர் முன்பணம் கொடுத்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார். நம் ஊரில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் செய்வது இதுதான். அந்தக் குடும்பத்துக்கோ கிரகப்பிரவேசச் செலவு தலைக்கு மேல் நின்றது. பணம் வரத் தாமதமானதும், மனக்கசப்பில் கடைசி மின் கட்டணத்தைக் கட்டாமல் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டணம் பாக்கி என்ற குறுஞ்செய்தி மின்வாரியத்திலிருந்து முறையாகவே போயிருக்கிறது. ஆனால் அந்த இணைப்போடு பதிவாகியிருந்தது பெரியப்பாவின் கைபேசி எண். அவர் போனபின் அந்த எண் செயலிழந்துவிட்டது. 2022 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டு பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதாவது இதைப் பார்த்திருக்கலாம். அப்போது குடியிருந்தவர் தம் ஆதாரையே இணைத்துவிட்டதால் யாருக்கும் தோன்றவில்லை. கெடு முடிந்தது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். வீடு காலியாக இருந்ததால் எவரும் கவனிக்கவில்லை. புதிதாக வந்த இளைஞர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு மாலையில் வந்து சுவிட்சைப் போட்டபோது விளக்கு எரியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்கள் முதல் இரவைக் கழித்தார்கள்.

முன்பணம் வருமானம் அன்று. அது அடுத்தவர் பணம். என்றைக்காவது ஒருநாள் ஒரே தொகையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. உள்ளூரில் இருக்கும் வீட்டுக்காரராவது நேரில் போய்ப் பேசி, பாதியைக் கையில் கொடுத்துச் சமாளிப்பார். வெளிமாநிலத்தில் இருப்பவர் தொலைபேசியில் ‘இன்னும் பத்து நாள்’ என்று சொல்லும்போது அது ஏமாற்று வேலையாகத்தான் கேட்கும். இப்போது இரண்டு குடித்தனங்களின் முன்பணமும் தனியே வைப்புத்தொகையாக வங்கியில் இருக்கிறது. வட்டியை அண்ணன் எடுத்துக்கொள்ளலாம். முதலைத் தொடக் கூடாது. இதை நான் நிபந்தனையாகவே வைத்தேன்.

தொகையையும் குறைத்தோம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது ஊறிப்போன வழக்கம். கோவையிலும் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நாங்கள் மூன்று மாதமே வாங்குகிறோம்.

யாருடைய மோட்டார்?

கீழ் வீட்டார் அநியாயத்துக்கு மின்கட்டணப் புகார் சொல்கிறார்கள் என்று அண்ணன் அடிக்கடி அலுத்துக்கொள்வார். மாடியில் இருப்பவர்கள் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், எங்களுக்குக் கட்டணம் ஏறுகிறது என்பது கீழ் வீட்டாரின் புகார். தண்ணீருக்கும் அவர்கள் கட்டணத்துக்கும் என்ன தொடர்பு என்று அண்ணனுக்குப் புரியவில்லை.

அந்தப் பகுதியில் மாநகராட்சிக் குடிநீர் தினமும் வராது. குடிக்கவும் சமைக்கவும் அதைத் தொட்டியில் பிடித்துவைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். பெரியப்பா கீழே குடியிருந்த காலத்தில் மோட்டாரைத் தம் மீட்டரிலிருந்தே இணைத்திருந்தார். வீட்டுக்காரர் கீழே, குடித்தனம் மேலே என்றிருந்தவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. இரண்டு தளமும் வாடகைக்குப் போனபின், இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கீழ் வீட்டின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறி, கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். மோட்டார் இல்லாவிட்டால் 500-க்குள் நின்றிருக்க வேண்டிய வீடு, கோடைக்காலத்தில் அதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்னதில் மிகையே இல்லை.

மோட்டார் வரும் கம்பியில் சிறிய துணை மீட்டர் ஒன்றைப் பொருத்தினோம். மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வரும் நாளில் துணை மீட்டரையும் படம் எடுத்து, மூவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். மோட்டார் எடுத்த யூனிட்டுக்கு உரிய தொகையில் மாடி வீட்டார் பாதியைக் கீழ் வீட்டாருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குமேல் ஏறும் படியின் வித்தியாசத்தை அண்ணன் வாடகையில் கழித்துவிடுகிறார். அன்றிலிருந்து அந்தச் சண்டை எழவில்லை. இரண்டு குடித்தனங்களையும் ஒருவருக்கொருவர் பகையாளிகளாக்கியது ஒரு கம்பி இணைப்பு. ஒரு எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் அவரை வரச்சொல்லிக் கூலி கொடுக்கும் இடத்தில் யாரும் இல்லை.

எழுதிக் கொடுத்த அதிகாரம்

ஒழுகல் வேலை முடிந்ததும், "இனி நீயே பார்த்துக்கொள்" என்றார் அண்ணன். வாய்வார்த்தையாக ஏற்க மறுத்தேன். மைத்துனரும் ஆசிரியரும் மனம் நொந்து ஒதுங்கியதைப் பார்த்தபின், உறவின் பேரில் இந்தப் பொறுப்பை ஏற்பது உறவுக்கே கேடு என்று தோன்றியது. "எழுதிக் கொடுங்கள் அண்ணா, சம்பளமும் கொடுங்கள்" என்றேன். முதலில் அவருக்குச் சங்கடமாக இருந்தது. தங்கைக்குச் சம்பளமா என்றார். வெளியாள் என்றால் கொடுக்கத்தானே செய்வீர்கள் என்றதும் ஒப்புக்கொண்டார்.

இதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் (முன்பணத்துக்கு வரம்பு வைத்த அதே சட்டம்தான், 2019-இல் நடைமுறைக்கு வந்தது), வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரோடு சொத்து மேலாளர் என்ற மூன்றாமவரையும் அங்கீகரிக்கிறது. உரிமையாளர் ஒருவரை மேலாளராக நியமித்தால், அவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்பதை வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான பழுதுகளைப் பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது எல்லாம் மேலாளரின் கடமைகளில் அடங்கும். வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். என்ன தகராறானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. இது உரிமையாளருக்கும் பொருந்தும், மேலாளருக்கும் பொருந்தும்.

அண்ணன் எனக்கு எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றரைப் பக்கம். ஐயாயிரம் ரூபாய் வரையிலான பழுதுக்கு அவரைக் கேட்க வேண்டியதில்லை. அதற்குமேல் என்றால் இரண்டு பேரிடம் விலை கேட்டு அனுப்ப வேண்டும். இரண்டு நாளைக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் குறைந்த விலைக்கு வேலையைத் தொடங்கிவிடலாம். இந்த வரிக்காகத்தான் நான் அதிகம் வாதாடினேன். தண்ணீர், மின்சாரம், ஒழுகல் மூன்றிலும் அவசரம் என்றால் தொகைக் கணக்கு பார்க்காமல் செய்துவிட்டு அன்றே தெரிவிக்க வேண்டும். வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, அதன் பேரில் கடன் வாங்கவோ எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. வாடகை விஷயத்துக்காகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் சொத்தையே இழந்து நிற்பவர்கள் உண்டு. வெளிமாநிலத்தில் இருப்பவர் எதற்கெல்லாம் அதிகாரம் தருகிறார் என்பதைவிட, எதற்குத் தரவில்லை என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

வாடகை இப்போது தனிக் கணக்கு ஒன்றுக்கு வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு பழுதுச் செலவுக்கென்று கணக்கிலேயே தங்கும். என் சம்பளம் அதிலிருந்து கழியும். மிச்சம் அண்ணனுக்குப் போகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுச் சொத்துவரியை அந்தக் கணக்கிலிருந்தே கட்டுகிறோம். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதச் சலுகை உண்டு. அதை விட்டுவிடக் காரணமே இல்லை.

கீழ் வீட்டம்மாவுக்கும் ஒரு சிறு அதிகாரம் உண்டு. என்னை அழைத்தும் நான் எடுக்காவிட்டால், ஆயிரம் ரூபாய் வரை அவரே ஆள் வைத்துச் செலவு செய்து, அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதைச் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாங்கள் அதைச் சண்டைக்குப் பின் வரும் வழியாக வைக்காமல், முதலிலேயே சம்மதமாக எழுதிவைத்தோம். இதுவரை அவர் இதைப் பயன்படுத்தியது மிகக் குறைவு. ஒருமுறை மேல்தொட்டி மிதவை வால்வு பழுதாகித் தண்ணீர் வழிந்தபோது உடனே மாற்றிவிட்டார்.

எந்தப் பழுது யாருடையது என்பதற்குச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலையே ஒப்பந்தத்தில் சேர்த்தோம். சுவர், கூரை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வீடு காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டோம். சுவரில் ஆணி அடித்துப் பெயர்த்திருந்தால் அதற்குரிய செலவு வேறு. குடியிருந்ததால் மங்கிய சுவருக்குக் குடியிருந்தவர் ஏன் பணம் தர வேண்டும்?

ஒப்பந்தத்தைப் பதிவு செய்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுத்துறையில் பதிய வேண்டும் என்பதால் பதினொரு மாதத்துக்கு எழுதுவது நம் வழக்கம். ஆனால் புதிய சட்டப்படி எத்தனை மாதம் என்றாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. பதிந்ததும் ஓர் எண் கிடைக்கும். தொலைவில் இருக்கும் வீட்டுக்காரருக்கு இது மற்ற எவரையும்விட முக்கியம். நாளை ஒரு தகராறு வந்தால், ஊரில் இல்லாதவர் சார்பில் பேசுவது அந்தத் தாள் மட்டுமே.

பார்வையிடும் நாள்

மின்கணக்கு எடுக்கும் நாளையொட்டி வீட்டைப் பார்க்கப் போகிறேன். முந்தைய நாளே இரு வீட்டுக்கும் செய்தி அனுப்பிவிடுவேன். அவர்களுடைய அறைகளையும் அலமாரிகளையும் நான் பார்ப்பதில்லை. பார்ப்பவை சில இடங்கள்தான்: பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பகுதி, குளியலறைக்கு வெளிப்புறச் சுவர், மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் துளை, மேல்தொட்டியின் மூடி, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். அது முதலில் தலைகாட்டுவது இந்த இடங்களில்தான். ஐப்பசி மழைக்கு முன் போகும்போது மொட்டைமாடித் துளையிலிருந்து வேப்பஞ்சருகையும் புறா இறகையும் ஒரு கை அள்ளி எடுப்பேன். அதை எடுக்காவிட்டால் மாடியில் தண்ணீர் தேங்கி, அடுத்த ஒழுகல் அங்கிருந்து தொடங்கும்.

பிறகு இரு வீட்டாரிடமும் ஒரே கேள்வி: போன முறைக்குப் பின் வீட்டில் என்ன மாறியிருக்கிறது? குறை என்ன என்று கேட்டால் சிலர் தயங்குவார்கள். குறை சொன்னால் வாடகையை ஏற்றுவார்களோ என்ற பயம் உண்டு. என்ன மாறியிருக்கிறது என்றால் சொல்லிவிடுவார்கள். கதவு மழைக்கு உப்பியிருக்கிறது, மோட்டார் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்று சின்னச் சின்னதாக வரும். மோட்டார் சத்தம் மாறியதை மாடிப் பையன் ஒருவன் சொன்னதால்தான், காயில் கருகுவதற்கு முன் கண்டென்சரை மாற்ற முடிந்தது.

ஆள் மாறும்போது காலி வீட்டை வீடியோ எடுத்து, மீட்டர் எண்ணிக்கையையும் மின்விசிறிகளையும் சாவிகளையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுவிடுகிறோம். மின் இணைப்பில் அண்ணனின் எண்ணைப் பதிந்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழோடு விண்ணப்பம் போயிருக்கிறது. பட்டாவும் சொத்துவரியும் மின் இணைப்பும் மூன்றும் இன்னும் பெரியப்பா பெயரிலேயே கிடந்தன. வெளியூரில் இருப்பவர்கள் இதைத்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள்.

யாருக்கு விடுவது?

மாடி ஒருமுறை மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு மட்டும் என்று தரகரிடம் சொல்லிவைத்திருந்ததே காரணம். அந்த நிபந்தனை பெரியப்பா காலத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வேறு மொழி பேசும் ஊரில் வீடு தேடியபோது இதே கேள்விகளைக் கேட்டு அண்ணனையும் அலைக்கழித்திருக்கிறார்கள். அதை நினைவூட்டியதும் அவரே எடுத்துவிடச் சொன்னார். இப்போது நாங்கள் கேட்பது அடையாளச் சான்று, வேலைச் சான்று, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண். அந்தப் பழைய வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். அடுப்பில் என்ன வேகிறது என்பதும் எந்தச் சாதி என்பதும் வாடகை ஒழுங்காக வருமா என்பதற்குப் பதிலாக மாட்டா. அந்தக் கேள்விகளால் அவமானப்பட்டுத் திரும்பும் பிள்ளைகளின் முகத்தைத் தரகர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். நம் ஊர் இதிலிருந்து வெளியே வர வேண்டும்.

வரியில் ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகையில் 30 சதவீதமும் அதன்மேல் மேல்வரியும் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதியை வைத்து, மாடிப் பையன்களின் அலுவலகத்தில் யாரோ அவர்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். வெளிமாநிலத்தில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அண்ணன் வாடகையை வருமானத்தில் காட்டி, தாம் கட்டிய சொத்துவரியையும் மீதியில் 30 சதவீத நிலையான கழிவையும் கழித்துக்கொள்கிறார். பழுதுக்கு எவ்வளவு செலவானாலும் அந்தக் கழிவு மாறாது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், வீட்டு வாடகைப்படிச் சலுகை கேட்கும் பையன்களுக்கு அண்ணனின் பான் எண்ணையும் ரசீதையும் கொடுத்துவிடுகிறோம்.

வரும் சித்திரையில் மாடிப் பையன்களில் ஒருவனுக்குத் திருமணம். காலி செய்யப் போவதாக இப்போதே சொல்லிவிட்டான். அந்த இடைவெளியில் குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை முழுமையாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான பணம் பழுதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது; இருவரிடம் விலையும் கேட்டாயிற்று. அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இந்த ஆண்டு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நான் ஊரில் இல்லாத காலத்தில் என் பொறுப்பை ஏற்பவர் எதிர்வீட்டு ஆசிரியரின் மகள். அவருக்கும் அதே ஐயாயிரம் ரூபாய் அதிகாரமும், அந்த மாதத்துக்குரிய சம்பளமும் உண்டு. சாவிக் கொத்தின் ஒரு படியும், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களும், கணக்குப் புத்தகமும் அவரிடம் போய்விட்டன.